அக்கரப்பத்தனைக்கு ஏறிய போறணை

எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் சோலைமலை மாமா அதைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்கத்தை நடுவிரலால் இரண்டு முறை தட்டிப் பார்ப்பார். பாண் ரொட்டிக்கு அது சரி. போறணை அடுப்பிலிருந்து எடுத்த பாண் நன்றாக வெந்திருந்தால் அடியில் வெறும் பெட்டியைத் தட்டிய சத்தம் வரும். வேகாவிட்டால் ஈரத்துணியைத் தட்டியது போல இருக்கும். ஆனால் அவர் தேயிலைப் பெட்டியையும் தட்டுவார். கல்யாண வீட்டில் கொடுத்த பித்தளைச் செம்பையும் தட்டுவார். சென்ற வருடம் நான் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து, சான்றிதழைச் சுருட்டி வைத்திருந்த தகரக் குழலை அவர் கையில் கொடுத்தபோது, அவர் மூடியைத் திறக்கவில்லை. குழலைத் திருப்பிப் பிடித்து அடியைத் தட்டினார்.

"வெந்துருக்கு," என்றார்.

கடையில் பாண் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது நடந்து மூன்று மாதத்தில் அவர் இறந்துபோனார்.

அவர் எனக்கு இரத்த உறவு இல்லை. என் அம்மா ராக்காயி அவருடைய பேக்கரியில் மா பிசைந்தார். அவரை அண்ணே என்று கூப்பிட்டார். அதனால் எனக்கு மாமா. அவரைப் பற்றி நான் ஏற்கெனவே ஒரு முறை எழுதியிருக்கிறேன், பல்கலைக்கழகத்தில், ஒரு கட்டுரையாக. அதற்கு நல்ல புள்ளியும் கிடைத்தது. அந்தக் கட்டுரையில் ஒரு பொய் இருந்தது. எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் நான் அதைத் திருத்தவில்லை. இப்போது எழுதுவது அதற்காகத்தானா என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

சோலைமலை அக்கரப்பத்தனைப் பக்கம் குருவிக்கல் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு வேலைக்குப் போனார். பதினாறு வருடம் அங்கே போறணைக்கு முன்னால் நின்றார். 1949இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். இடம், கொட்டகலைக்குக் கீழே ஆற்றோரமாக இருந்த ஒரு சிங்களக் கிராமம். ரயில் நிலையத்துக்கு அங்கிருந்து இரண்டு மைல். கொட்டகலைக் கடைவீதியிலேயே இடம் கிடைத்திருக்கும். ஏன் அங்கே போனார் என்று பலர் கேலி செய்தார்களாம்.

காரணம், கள்ளு இறக்கும் கித்துள் மரம். அந்தக் காலத்தில் அவர் மாவைக் கள்ளு ஊற்றித்தான் பொங்க வைத்தார். கள்ளு காலையில் இறக்கியதாக இருக்க வேண்டும். பஸ்ஸில் வந்த கள்ளு வழியிலேயே புளித்துக் காடியாகிவிடும். அந்தக் கிராமத்தில் உக்குபண்டா என்ற ஒருவர் ஏழு மரம் கட்டியிருந்தார். கருப்பட்டிக்குப் போக மீதியை மாமாவுக்குக் கொடுப்பார். மா மூட்டை ரயிலில் வந்து இறங்கி இரண்டு மைல் வண்டியில் போகும். மூட்டை கெட்டுப் போகாது, கள்ளுதான் கெடும். ஆகவே மூட்டையை நடக்கவிட்டு, அவர் கள்ளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

1953இல் அரிசி விலை ஏறியது. லயங்களில் ஒரு வேளைச் சோறு போய்ப் பாண் வந்தது. மேல் தோட்டங்களிலிருந்து, முக்கியமாக அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து, பாண் கேட்டு ஆள் வந்தார்கள். மாமா பாணைப் பெட்டிகளில் அடுக்கி பஸ்ஸின் கூரையில் ஏற்றி அனுப்பினார். தலவாக்கலை தாண்டி மேலே ஏற ஏற மூடுபனி. பாண் போய்ச் சேரும்போது மேல்தோல் ஊறிப் போயிருக்கும். மறுநாள் பூசணம் பிடிக்கும். பாதி திரும்பி வந்தது.

அதே சமயம் ஹட்டனில் அவர் முன்பு வேலை செய்த பேக்கரியில் மா பிசையும் மெசின் ஒன்று வாங்கினார்கள். பத்துப் பேர் வேலையை அது செய்யும் என்று பேச்சு. கொழும்பிலிருந்து ஒரு ஏஜண்டு வந்து மாமாவிடமும் மெசின் படத்தைக் காட்டினான். கூடவே ஈஸ்ட் டின் ஒன்றையும் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போனான். மாமா படத்தை ஓரமாக வைத்துவிட்டு டின்னைத் தலைகீழாகத் திருப்பித் தட்டிப் பார்த்தார்.

அந்த டின்தான் எல்லாவற்றையும் மாற்றியது. இதைப் பத்து வருடம் கழித்து, என் கட்டுரைக்காக நான் கேள்வி கேட்டபோது, அவர் சொன்ன விதத்திலேயே எழுதுகிறேன்.

"கள்ளு இருக்குற வரைக்கும் நான் மரத்துக்குக் காவக்காரன். டின் வந்தொடனே மரம் நம்ம பாக்கெட்டுக்குள்ள வந்துருச்சு. இனி எங்க வேணாப் போகலாம். சரி, எங்க போறது? மா மூட்ட சாக்குல இருக்கு, மழ பெஞ்சா தார்ப்பாய் போட்டா போதும். பாணுக்குத் தார்ப்பாய் போட்டா வேர்த்துப் போவும். அப்ப மூட்ட மல ஏறட்டும், பாண் ஏற வேணாம்."

"மெசின் ஏன் மாமா வாங்கல?"

"சம்பள வாரத்துல ஆயிரம் பாண் போவும். அதுக்கு அடுத்த வாரம் அறுநூறு. கட்டக் கடசி வாரம் முந்நூறு போனா பெருசு. மெசினுக்கு முப்பது நாளும் ஒரே வெல. ஒங்கம்மா மாதிரி நாலு பேரு இருந்தா, வேல இருக்குறப்ப வருவாங்க, இல்லாதப்ப கொழுந்தெடுக்கப் போவாங்க."

பக்கத்தில் தட்டுகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"ஆமாண்ணே, மெசினு திட்டாதுல்ல. அதான் வாங்கல நீங்க. திட்டு வாங்காம ஒங்களுக்குத் தூக்கம் வராதே."

"பாத்தியா, இதுக்குத்தான் மெசினே வாங்கியிருக்கலாம்ங்குறேன்."

விறகும் ஒரு காரணம். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு மலையிலும் தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டிப் போட்ட மிலாறு, அதாவது அந்தக் குச்சிகள், லயத்து அடுப்புகளுக்குப் போக மீதியாகக் குவிந்து கிடக்கும். ஒரு கட்டு மிலாறு கொண்டு வந்தால் ஒரு றாத்தல் பாண் என்று அவர் பேசி வைத்தார். காசு தேவையில்லை. மிலாறு சீக்கிரம் பற்றி, ஒரே சூடாக எரியும். போறணைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இப்படி விறகு, தண்ணீர், ஆள், வாங்குகிறவர்கள், பாதை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 1957 தை மாதம் அக்கரப்பத்தனைக் கடைவீதியின் மேல் முனையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் காலி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் போறணை கட்டினார். உக்குபண்டா வழியனுப்ப வந்து, இரண்டு வட்டுக் கருப்பட்டி கொடுத்துவிட்டு, ஈஸ்ட் டின்னைப் பார்த்துக் காறித் துப்பினாராம். அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் மாமா சிரித்தாராம்.

முதல் நாள் நான்கு தொட்டி மா பிசைந்து மூடி வைத்தார்கள். விடியப் பார்த்தால் வைத்தபடியே கிடந்தது. அம்மா விரலால் குத்திப் பார்த்தார். குத்திய குழி குத்தியபடியே நின்றது. சுட்டுப் பார்த்தார்கள். பாண் செங்கல் மாதிரி வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. ஈஸ்ட்டைக் கூட்டிப் போட்டார்கள், வாடை வந்ததே தவிர மா எழும்பவில்லை. குருவிக்கல் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் நின்றவர்கள், "சோலமல பாணு ஒண்ணு குடுங்கப்பா, மதகு ஓட்டைய அடைக்கணும்" என்று சிரித்தார்கள்.

அது குளிர்தான். தை மாதத்தில் அங்கே விடியற்காலையில் புல்லில் பனி உறைந்து கிடக்கும். கொட்டகலைக்குக் கீழே ஆற்றோரத்தில் ஒரு இரவில் பொங்கிய மா, இந்த உயரத்தில் இரண்டு நாளானாலும் பொங்காது. எல்லாவற்றையும் யோசித்த மனிதர் இதை யோசிக்கவில்லை. நான் காரணம் கேட்டேன். "வெளியூர்க்காரன் எவனாவது கட்டியிருந்தா மொத நாளே குளுருதேன்னு கேட்டிருப்பான். நான் பொறந்த குளுரு. எனக்கு அது குளுருன்னே தோணல," என்றார்.

முதல் வாரத்திலேயே மூன்று மூட்டை மா பாழ். கையிருப்பு இன்னும் இரண்டு வாரத்துக்குத் தாங்காது. ஆற்றோரத்தை விட்டுக் கிளம்பி வந்தாயிற்று, பழைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று. அவர் மனைவி பேச்சியம்மா கழுத்தில் கிடந்ததை ஏற்கெனவே போறணைச் செங்கல்லாக மாற்றியாயிற்று. இனி திரும்பிப் போக இடம் இல்லை.

வழி சொன்னது பேச்சியம்மாவின் தம்பி அழகன். குருவிக்கல் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்காரன். கடைவீதியிலிருந்து தொழிற்சாலை ஐந்து நிமிட நடை. கொழுந்தைக் காய வைக்கும் மெசினுக்குச் சூடு அனுப்பும் பெரிய அடுப்பு பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தது. அடுப்பறைக்கும் தேயிலைத் தூள் காயும் அறைக்கும் நடுவில் செங்கல் சுவர், அதில் ஒரு இரும்புக் கதவு.

"மச்சான், நா அங்கிட்டுச் சட்டையில்லாம நிக்கிறேன். ஒங்க மாவுக்கு மட்டும் என்னா குளுரு? தொட்டியக் கொண்டாந்து அடுப்போரம் வைங்க."

அன்றைக்கு அந்தியில் தொட்டிகள் போயின. விடியுமுன் போய்ப் பார்த்தால் மா துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த மாதம் பாண் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இரண்டு மாதம் கழித்து டீமேக்கர் கண்டுபிடித்தார். தொழிற்சாலையில் தூள் தயாரிப்பு முழுவதற்கும் அவர்தான் பொறுப்பு. பரமலிங்கம் என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். கொழுந்தைக் கையில் பிடித்து மூக்கில் வைத்தால் அது எந்த மலையில் பறித்தது என்று சொல்வார் என்று பெயர் வாங்கியவர். ஒரு நாள் வழக்கத்தைவிட முன்னதாக வந்து, தொட்டிகளை எடுக்க வந்த மாமாவை அடுப்பறையில் பிடித்துவிட்டார்.

"உதென்ன காணும்?"

"மாவுங்க ஐயா. பாண் மாவு."

"அது தெரியுது. இஞ்ச என்ன செய்யுது?"

"குளிர் காயுதுங்க."

பரமலிங்கம் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெளியே திரும்பிக்கொண்டாராம். பிறகு இரும்புக் கதவைக் காட்டிச் சொன்னார்.

"தேயிலைக்குக் கண் இல்ல, காது இல்ல, முழுக்க மூக்குத்தான். பக்கத்தில கருவாடு வைச்சா கருவாடு மணக்கும், மண்ணெண்ணெய் வைச்சா மண்ணெண்ணெய் மணக்கும். இந்தக் கதவுக்கு அங்கால உம்மட தொட்டி ஒண்டும் வரப்படாது. விளங்குதே?"

"வெளங்குதுங்க ஐயா."

"பெரிய துரை கண்டால் அழகனுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல. மழைக்கு முன்னம் உமக்கெண்டு ஒரு ஏற்பாடு செய்துகொள்ளும்."

மழைக்கு முன்னால் மாமா ஒன்றும் செய்யவில்லை. இதை அவர் மறைக்கவில்லை. போறணையின் பின்சுவரோடு சேர்த்து ஒரு சின்ன அறை கட்டினால் போறணைச் சூட்டிலேயே மா பொங்கும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் கையில் சேர்ந்த பணத்தில் பாண் தட்டு வாங்கினார். "சும்மா கெடைக்கிற சூடு பக்கத்துல இருக்குறப்ப எவன் செங்கல் வாங்குவான்?" என்றார். புத்தகங்களில் இந்தக் கணக்கைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தச் சூட்டுக்கு விலை இல்லை என்று நினைத்தது மட்டும்தான் அவருடைய தப்பு.

ஆடி மாதம் மழை அடித்தது. ஒரு சாயந்தரம் காற்று அடுப்பறைக் கொட்டகையின் தகரத்தைப் பாதிக்கு மேல் பிய்த்துக்கொண்டு போனது. அது சம்பள வாரம். அதோடு ஹட்டன் பேக்கரியின் லொறி அந்த மாதம்தான் தார்ப்பாய் மூடிக்கொண்டு மேலே வரத் தொடங்கியிருந்தது. ஒரு வாரம் மாமாவின் தட்டு காலியாக இருந்தால் போதும், ஆட்கள் லொறிப் பாணுக்குப் பழகிவிடுவார்கள்.

தொட்டிகள் நனைந்துகொண்டிருந்தன. மாமா இரும்புக் கதவைத் திறந்தார். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. அன்று காய்ந்து வந்த தூள் சலிப்பதற்காகத் தரையில் குவித்துத் துணி போட்டுக் கிடந்தது. அதற்கு நாலு முழம் தள்ளித் தொட்டிகளை வைத்தார்கள். தகரத்தைத் திரும்ப அடிக்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் அந்தியில் உள்ளே, விடியுமுன் வெளியே. லொறி இரண்டாவது வாரம் பாதிப் பாணோடு இறங்கிப் போனது.

புரட்டாசியில் கொழும்பிலிருந்து காகிதம் வந்தது. ஏலத்துக்குப் போன ஒரு தொகுதித் தேயிலையில் ஏதோ புளித்த வாடை இருப்பதாகச் சுவைபார்ப்பவர்கள் எழுதியிருந்தார்கள். தேயிலையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை பரமலிங்கத்தைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். பரமலிங்கம் ஒரு நாள் தவணை வாங்கிக்கொண்டு, பட்டப்பகலில் பேக்கரிக்கு வந்தார். மழைக் கோட்டைக் கழற்றவில்லை.

"சோலைமலை, ஒரு கதை கேக்க வந்தனான். தொட்டியள் அடுப்பறையிலதானே இருந்தது? கதவுக்கு அங்கால வரேல்லையே?"

அம்மா மா பிசைந்துகொண்டிருந்தார். அழகன் பாண் வாங்க வந்து வாசலில் நின்றான். வேலை போனால் அவனுக்கு லயத்து வீடும் போகும், ஆறு பிள்ளைகள்.

"வரலீங்க ஐயா," என்றார் மாமா.

"சத்தியமா?"

"வரலீங்க."

பரமலிங்கம் தலையாட்டினார். "அப்ப பெட்டிப் பலகையாத்தான் இருக்க வேணும். இல்லாட்டி நான் காய வைச்சதில பிழை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு றாத்தல் பாண் வாங்கிக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அடுப்பறைத் தொட்டிகளைப் பற்றி அவர் பெரிய துரையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேயிலைப் பெட்டிகளின் பலகை நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் காரணம் தெரியவில்லை, தயாரிப்பு என்னுடையது, பொறுப்பும் என்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். வேறு தோட்டத்தில் உதவியாளாகப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. ஐப்பசியில் குடும்பத்தோடு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்விட்டார். பஸ் பேக்கரி வாசலில்தான் நிற்கும். அன்றைக்கு மாமா போறணைக்குள் தலையை விட்டுச் சாம்பல் வாரிக்கொண்டிருந்தார் என்று அம்மா சொன்னார்.

அடுத்த மாதமே அந்த அறையைக் கட்டினார். போறணையைச் சுற்றி இரட்டைச் சுவர், நடுவில் சூடு சுற்றி வர இடம், ஆள் குனிந்து போகும் ஒரு கதவு. தொட்டிகள் அதற்குள் போயின. மழையோ பனியோ, மா ஒரே மாதிரி பொங்கியது. 1959இல் ஹட்டன் லொறி மேலே வருவதை நிறுத்திவிட்டது. நான் படித்தது அந்தப் பேக்கரியில் அம்மா வாங்கிய கூலியில்தான். இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1963இல் பல்கலைக்கழகத்தில், ஒரு தொழில் தன் இடத்தையும் உற்பத்தி முறையையும் எப்படித் தெரிவுசெய்கிறது என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் சீமெந்துத் தொழிற்சாலை, காகிதத் தொழிற்சாலை என்று எழுதினார்கள். நான் மாமாவின் பேக்கரியை எழுதினேன். கள்ளு, ஈஸ்ட், மூட்டை, மூடுபனி, மிலாறு, சம்பள வாரம், கடைசியாக அந்த அறை. புள்ளி வந்த பிறகு, விடுமுறையில் கொண்டுவந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். பெருமையாகத்தான் வாசித்தேன். "உயரத்தின் குளிரை எதிர்பாராத இவர், அந்தப் பிரச்சினையைத் தமது அறிவால் உடனடியாகத் தீர்த்துக்கொண்டார்" என்ற வரி வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத அடிச்சிரு."

"ஏன் மாமா?"

"ஒடனடியா இல்ல. பத்து மாசம்."

பிறகு சொன்னார். அடுப்பறையிலிருந்து பஸ் போனது வரை எல்லாம். சொல்லும்போது குரல் மாறவில்லை, மா மூட்டை வந்த கதையைச் சொல்வது போலத்தான் சொன்னார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"என்னைய ஏண்டா பாக்குற? அந்த நாலு நாளும் தொட்டியோட ஒரு பக்கத்தத் தூக்குனது நாந்தான்," என்றார் அம்மா.

கட்டுரைக்குப் புள்ளி போட்டுவிட்டார்கள், இனி அடிக்க முடியாது என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் முடிந்திருந்தால் அடித்திருப்பேனா? அந்த வரியில்தான் ஆசிரியர் "நன்று" என்று எழுதியிருந்தார்.

மாமா ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். பரமலிங்கம் சாவகச்சேரிப் பக்கம் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். முதலில் நான் மழையையும், தகரம் பறந்ததையும், அழகனின் ஆறு பிள்ளைகளையும் எழுதினேன். கேட்டுவிட்டு, "இது வக்கீல் எழுதுனது மாதிரி இருக்கு," என்றார். இரண்டாவதில் நன்றி அதிகமாகிவிட்டது. மூன்றாவது ஆறு வரி. தொட்டி உள்ளே வந்தது, நான்கு நாள், வைத்தது நான், உங்களிடம் பொய் சொன்னேன், உங்கள் கையில் பிழை இல்லை. கீழே அவர் கையெழுத்து. உறையை ஒட்டிக் கொடுத்தேன். திருப்பிப் பிடித்து அடியைத் தட்டிவிட்டு, ஈஸ்ட் டின்கள் இருந்த சுவர்த் தட்டில் வைத்தார்.

"அழகன் வேலையில இருக்குற வரைக்கும் போட முடியாதுடா."

அதை நான் ஒப்புக்கொண்டேன். 1965 தொடக்கத்தில் அழகன் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு இந்தியா போனான். கடிதம் அதே இடத்தில் இருந்தது. நான் கேட்கவில்லை.

அந்தச் சித்திரையில் பரமலிங்கமே வந்தார். அவருடைய மகள் செல்வமலருக்குக் கொட்டகலையில் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பழைய இடத்தைப் பார்க்க மேலே வந்திருக்கிறார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் கடையில் இருந்தேன். மாமா ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பேச்சியம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்தார். பரமலிங்கம் கோப்பையைக் குடிக்குமுன் மூக்கருகே கொண்டுபோய், பிறகு சட்டென்று கீழே இறக்கினார்.

"பழக்கம்," என்று சிரித்தார். "இந்த மூக்கை நம்பி இனி ஒண்டும் செய்யேலாது. அந்த மணம் எங்கயிருந்து வந்ததெண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்ல, சோலைமலை. காய வைக்கேக்க சூடு குறைஞ்சிருக்க வேணும். அது மணக்கிறது கூட என்ர மூக்குக்குத் தெரியேல்ல எண்டால், நான் அந்த வேலைக்கு லாயக்கில்லாதவன்தானே? அதான் பிறகு ஒரு தோட்டத்திலயும் வேலை கேக்கேல்ல."

ஈஸ்ட் டின்கள் இருந்த தட்டு அவர் தலைக்கு மேலே இருந்தது. மாமா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் வாயைத் திறந்திருக்கலாம். எட்டு வருடமாக அந்த மனிதர் தன் மூக்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பாணுக்காக நின்றவர்கள் ஐந்தாறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க ஐயா," என்றார் மாமா. அவ்வளவுதான் வந்தது. உள்ளே போய், சூடான பாண் நான்கை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பரமலிங்கம் காசு எடுத்தார். மாமா வாங்க மறுத்தார். "அப்ப எனக்கு வேண்டாம்," என்றார் பரமலிங்கம். மாமா வாங்கிக்கொண்டார்.

பஸ் திரும்பி மறைந்த பிறகு, மாமா தட்டிலிருந்து உறையை எடுத்தார். மாவு படிந்து மஞ்சளாகியிருந்தது. திருப்பிப் பிடித்து அடியில் இரண்டு முறை தட்டினார்.

"இன்னும் வேகலடா," என்று சொல்லித் திரும்ப வைத்தார்.

ஆவணியில் நெஞ்சுவலி வந்து, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார். பேக்கரியைப் பேச்சியம்மாவும் அம்மாவும் நடத்துகிறார்கள். கணக்குப் புத்தகத்தில் யாருக்கும் ஒரு சதம் பாக்கி இல்லை. தட்டைத் துடைக்கும்போது அம்மா அந்த உறையை எடுத்து என்னிடம் கொடுத்து, என்ன செய்யப்போகிறாய் என்று கேட்காமல் போய்விட்டார்.

செல்வமலர் டீச்சர் இன்னும் கொட்டகலையில்தான் படிப்பிக்கிறார். இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கொண்டுபோய்க் கொடுத்தால் அடுத்த விடுமுறையில் அது அவர் அப்பாவின் கைக்குப் போய்விடும். ஆனால் அந்த ஆறு வரியைச் சொல்ல வேண்டிய வாய் மாமாவுடையது. எதிரே நாற்காலியில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தபோதே அது சொல்லவில்லை. நான் கொடுத்தால் அது யார் அடைத்த கடன்? தெரியவில்லை. உறை என் பெட்டியில், பட்டச் சான்றிதழ் இருக்கும் தகரக் குழலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பரமலிங்கம் இன்னும் தன் மூக்கில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.